கறுப்புப் பையின் பிரேதப் பரிசோதனை

வயிறு கிழிந்து கிடந்தது!

சாப்பாட்டு மேஜையின் மேல். உள்ளே தைத்திருந்த சிவப்புத் துணி குடலைப் போல வெளியே தொங்கியது.

"ஐயோ...!"

அவள் அலறினாள். செத்துக் கிடந்தது ஒரு கறுப்புக் கைப்பை. ஆனால் அது அவளுடைய கைப்பை.

பிணத்தை எதிர்பார்த்தவர்கள் பொறுத்தருள்க. இந்தக் கதைக்கு வாய்த்த ரத்தம் அவ்வளவுதான்!

எதிரே பெண் இன்ஸ்பெக்டர்.

"நெட்ல இதை வித்தது உங்க அக்கவுண்ட்தானே?"

பழைய வெளிநாட்டுப் பைகளை வாங்கி, துடைத்து, ஆன்லைனில் விற்பதுதான் அவள் தொழில். படுக்கையறையில் பாதி இடம் பைகளுக்கு. மீதி கணவனுக்கு. தையலைத் தடவியே அசலா போலியா என்று சொல்லிவிடுவாள்.

ஆனால் இந்தப் பையை அவள் விற்கவே இல்லை!

கணவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"வாங்கினவங்க சந்தேகப்பட்டு, பை தயாரிக்கிற கம்பெனிக்கே அனுப்பியிருக்காங்க. அவங்க அறுத்துப் பார்த்துட்டாங்க. சுத்தப் போலி! நீங்க 'நூறு சதவீதம் அசல்'னு போட்டிருக்கீங்க. தெரியாம வித்தேன்னு வாயால சொன்னா போதாது. எங்கேருந்து வந்துச்சுன்னு காட்டணும். இல்லேன்னா கேஸு, கோர்ட்டு... ஜெயிலுக்கே போக வேண்டி வரும்."

"நான்தான் வித்தேன்..." என்றாள் அவள், தரையைப் பார்த்து.

"பொய்!" கணவன் துள்ளி எழுந்தான். "நான்தான் மேடம்! இவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. வியாபாரம் வேற படுத்துக் கிடந்துச்சு. பை அலமாரியில சும்மா தூங்குதேன்னு இவ அக்கவுண்ட்ல நான்தான் போட்டேன். இவளுக்குக் கல்யாண நாளுக்கு நான் வாங்கித் தந்தது. அசல் மேடம்!"

"போலிங்க..." என்றாள் அவள்.

"என்னது?"

"பிரிச்ச அன்னிக்கே தெரியும். ஜிப்பைத் தொட்டேன்... தெரிஞ்சிடுச்சு."

"அடிப்பாவி! அப்புறம் ஏன் சொல்லல?"

"புதுச் செருப்புகூட வாங்காம சேர்த்து வெச்சு வாங்கினேன்னு சொன்னீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிங்க சொல்றது?"

ஊரார் பைக்கெல்லாம் உண்மை சொன்னவள், சொந்தப் பைக்கு மட்டும் ஒரு பொய்யைப் போர்த்தி வைத்திருந்தாள். அன்பினால்தான். ஆனாலும் கடவுள் அன்புக்கென்று தனிச் சலுகை தருவதில்லை. காதைத் திருகித்தான் சொல்லித் தருகிறார்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"பெரிய கும்பலைப் பிடிக்கப் போறேன்னு நெனச்சு துப்பாக்கியோட வந்தேன் பாருங்க... என்னைச் சொல்லணும்! சரி, நீங்க யார்கிட்ட வாங்கினீங்க சார்?"

"ஆன்லைன்லதான். 'ஒரு தடவைகூடத் தோள்ல மாட்டாதது'ன்னு போட்டிருந்தாங்க. நம்பர் இன்னும் இருக்கு."

இன்ஸ்பெக்டரின் கண்கள் மின்னின.

"அப்படி வாங்க வழிக்கு! கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. ஆள் வாயைத் திறக்கட்டும்... குரலை வெச்சே அமுக்கிடறேன்!"

கணவன் நம்பரைத் தேடி அழுத்தினான்.

ரிங் போனது...

இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையில் செல்போன் அலறியது!

"சே! யாருய்யா இந்த நேரத்துல?" அவர் எரிச்சலோடு எடுத்தார். "ஹலோ?"

"ஹலோ?" என்றது ஸ்பீக்கர்... அதே குரலில்!

இன்ஸ்பெக்டர் போனை மெல்ல மேஜையில், பையின் பக்கத்தில் வைத்தார்.

"என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது..." இன்ஸ்பெக்டரின் குரல் தரையில் ஊர்ந்தது. "எனக்குப் பிடிக்கல. மனசு நோகுமேன்னு அவருக்குத் தெரியாம வித்துட்டேன். அதே பைன்னு தோணவே இல்ல... நானெல்லாம் ஒரு துப்பறியும் அதிகாரி!"

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தாள்.

"உக்காருங்க மேடம். இந்தக் குத்தத்துல நாங்களும் கூட்டுதான்."

இன்ஸ்பெக்டர் ஒரே மூச்சில் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கினவங்ககிட்ட முதல்ல மன்னிப்புக் கேளுங்க. பணத்தைத் திருப்பிக் குடுங்க. மேலதிகாரிகிட்ட என் பங்கை நானே சொல்லிடறேன். இனிமே இந்தக் கேஸை நான் விசாரிக்கக் கூடாது... ஒரே ஒரு சாட்சியைத் தவிர!"

போனை எடுத்துத் தன் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க... அந்தக் கறுப்புப் பையை எங்க வாங்கினீங்க?"

மறுமுனையில் திடீரென்று இருமல் கிளம்பியது.

"பயப்படாம சொல்லுங்க. இப்போ கேக்கறது போலீஸ்தான்... பொண்டாட்டி சாயங்காலம்தான் வருவா!"