ஒட்டுவதற்கு முன் ஒரு வரி

பிரிக்பீல்ட்ஸில் மழை பிடித்துக்கொண்ட அந்தப் புதன்கிழமை மத்தியானம், செரீனா கடை வரிசைக்கு முன்னால் இருக்கும் அஞ்சடித் தாழ்வாரத்தில் நின்று லைட்டரால் ஒரு பலகைத் துண்டைக் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

சுவரில் ஒட்டும் லேமினேட் ஷீட்டிலிருந்து வெட்டிய, உள்ளங்கை அளவு துண்டு. தேக்கு நிறம். லைட்டரை எடுத்த பிறகும் ஓரத்தில் பிடித்த நெருப்பு அணையவில்லை... எரிந்துகொண்டே இருந்தது. அவள் பயத்தோடு அதையே பார்த்தாள்.

சளார்!

பையில் கட்டிய தே ஓ ஐஸ், அந்தப் பாலில்லாத ஐஸ் தேநீர் மொத்தமும் அவள் கையில் கொட்டியது. நெருப்பு அணைந்தது. சட்டையும் நனைந்தது.

"ஹலோ! கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சதாலதான் ஊத்தினேன்க்கா. கடை வாசல்ல நெருப்பு வெச்சா விளையாடுவாங்க?"

அக்காவாம்! நிமிர்ந்து பார்த்தாள். நெட்டையாக ஒருவன். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கையில் காலிப் பை, அதில் நாலு ஐஸ் கட்டி. கண்கள் மட்டும்... சண்டைக்கு வந்தவனின் கண்கள் இப்படியா சிரிக்கும்? எரிச்சலாக வந்தது அவளுக்கு.

"யாரு அக்கா? உங்கள விட எனக்கு வயசு கம்மிதான்."

"சரி, ஆன்டி."

"இது டெஸ்ட் லா! கிள்ளான்ல முத்தையா கடைன்னு ஒண்ணு. தீப்பிடிக்காத ஷீட்டுன்னு சொல்லிட்டு சாதா ஷீட்ட லோரியில ஏத்தி விட்டுட்டாங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. "அது எங்க அப்பா கடை. நான் மெய்யப்பன். யாரோ மிஸ் செரீனா கம்ப்ளைன்ட் பண்ணாங்களாம். அவங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"பாத்துட்டீங்கல்ல? மேல வாங்க."

மாடியில் புதிதாக ஒரு பாலர் பள்ளி வரப்போகிறது. அதன் உள் அலங்கார வேலையை மேற்பார்வை பார்ப்பவள் செரீனா. அறுபது பிள்ளைகள். இறங்கிப் போக ஒரே படிக்கட்டு, அதற்கு ஒரே நடைபாதை. தீ என்று ஒன்று வந்தால் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் ஓட வேண்டும். அதனால்தான் அங்கே தீயைத் தாங்கும் லேமினேட். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தீயணைப்புத் துறையின் பொம்பாக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள்.

இரண்டு வகைக்கும் முன்பக்கம் ஒரே தேக்கு வரிதான். பின்பக்கத்தில் அச்சடித்த முத்திரையை வைத்துத்தான் எது எது என்று தெரியும். சரக்கு வந்த அன்று செரீனா ஒரு ஷீட்டைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தச்சர் கன்னையா முப்பது ஷீட்டையும் ஒட்டி முடித்துவிட்டார். முத்திரைகள் எல்லாம் இப்போது சுவருக்குள்ளே; வெட்டி மிஞ்சிய துண்டுகளில் முத்திரை இல்லை.

"லைட்டர் வெக்கிறதெல்லாம் ஒரு டெஸ்டா மிஸ்? எங்க சரக்குல தப்பு வராது," என்றான் மெய்யப்பன்.

"அப்ப ஒண்ணப் பிச்சிப் பாப்போம்."

"பிச்சா அந்த ஷீட்டு உருப்படாது. நான் ஸ்டோர்ல பாத்துட்டு நாளைக்குப் பன்னண்டு மணிக்குள்ள சொல்றேன். தப்பு இல்லன்னா நீங்க சாரி சொல்லணும்."

"தப்பு இருந்தா?"

அவன் விறுவிறுவென்று படியிறங்கினான். எவ்வளவு திமிர்!

மாலையில் வீடு திரும்ப ரவாங் போகும் ரயிலில் செரீனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலாளி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். பேப்பரில் எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்து உன்னுடையது, கிளறினால் உன் வேலைதான் போகும். வேலை போனால்...? கண்ணை மூடினால் நடைபாதையில் பிள்ளைகள் ஓடினார்கள். நடுவில் அந்த நெட்டைக்காரன் வேறு, ஐஸ் பையோடு! 'உனக்கு இப்ப இதுதான் கேடு' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை கிள்ளானில், மெய்யப்பன் தீப்பிடிக்காத ரகம் வைக்கும் அடுக்கிலிருந்து ஒரு ஷீட்டைத் திருப்பினான். சாதா முத்திரை. அடுத்தது... சாதா. அவனுக்கு வியர்த்தது. போன மாதம் வெள்ளம் ஸ்டோருக்குள் வந்தபோது சரக்கை அவசர அவசரமாக மேலே தூக்கி அடுக்கியது யார்? அவனேதான். லோரிக்காரர் அடுக்கைப் பார்த்து ஏற்றினார், அவர் என்ன செய்வார்?

"பேப்பர்ல சரியா இருக்குல்ல? செவுத்துக்குள்ள போனத யாரு பாக்கப் போறா? வாயத் தொறக்காத," என்றார் அப்பா முத்தையா.

முந்தைய நாள் அவனும் ஏறக்குறைய இப்படித்தானே பேசினான்? வெட்கமாக இருந்தது. அவள் நெருப்பைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. கோபமாகப் பார்க்கவில்லை, பயந்துபோய்ப் பார்த்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. போன் வரவில்லை. பன்னிரண்டே கால்...

'இவ்வளவுதான் ஆம்பளப் பேச்சு' என்று முணுமுணுத்தபடி செரீனா கன்னையாவிடம் திரும்பினாள். "பிச்சிருங்கண்ணே. என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

"பிக்க வேணாம்!" வாசலில் மெய்யப்பன். முழுக்க நனைந்திருந்தான். மூச்சு வாங்கியது. "பிச்சிப் பாக்க வேணாம், மொத்தமும் மாத்தணும். தப்பு என்னுது. உங்க முதலாளிக்கும் எழுதிக் குடுத்துட்டேன். சரியான ஷீட்டு கீழ லோரியில இருக்கு."

செரீனா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "போன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்... உங்க மூஞ்சப் பாத்து சொல்லணும்னு தோணிச்சி. நடுவுல பெடரல் ஹைவேல ஜேம்."

பிறகு பேச நேரமில்லை. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கன்னையாவோடு சேர்ந்து பிய்த்தான், சுரண்டினான், பசை தடவினான். ஒவ்வொரு ஷீட்டையும் செரீனா திருப்பி, முத்திரையைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பசை. ஒவ்வொரு தடவையும் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவள் பார்க்காத மாதிரி நடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடைசி ஷீட். திருப்பினாள். முத்திரை சரி. அதன் கீழே பென்சிலில் ஒரு வரி.

'மூணு நாளா எனக்கு நிம்மதி இல்ல. உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு.'

காதுமடல் சுட்டது. நிமிர்ந்தால் அவன் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான், மழையையே பார்த்திராதவன் மாதிரி! கன்னையாவின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். கீழே ஏதோ எழுதினாள். "ஒட்டிருங்கண்ணே."

"ஏய்... என்ன எழுதினீங்க?" ஓடி வந்தான். அதற்குள் கன்னையா அதைப் படித்துவிட்டு, எழுத்து மறையப் பசை பூசிவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பசை லேசாகக் காய்ந்ததும் ஷீட்டைச் சுவரோடு வைத்து அழுத்தினார்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்களேன்!"

"எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி," என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கிப் போனார்.

மெய்யப்பன் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "பிச்சிப் பாக்கவா?"

"பிச்சா அந்த ஷீட்டு உருப்படாது. நீங்கதான சொன்னீங்க?"

"செரீனா... ப்ளீஸ் லா."

அந்தக் கண்களில் சிரிப்பே இல்லை. இவ்வளவு தவிப்பா? அவளுக்கு அதற்கு மேல் விளையாட மனம் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"எனக்கும்னு எழுதினேன்."