பதினேழாவது விதி

"முப்பத்தொரு நோட்டு, மேடம். வேற ஒண்ணுமே எடுக்கலை," என்றாள் ஸ்வீட்லின் டீச்சர், ஆட்டோவிலிருந்து முழுதாக இறங்குவதற்குள்ளாகவே.

அவளைச் சாமந்திமேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து கள்ளிக்குப்பத்து வீட்டுக்குக் கூட்டிவந்தவன் ஆட்டோக்காரன் வேம்புலி. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ஞானம்மாள், தடய அறிவியல் துறையில் கள்ளப் பத்திரங்களைச் சோதித்தே முப்பது வருடம் கழித்தவர். அவருக்குச் சவாரி ஓட்டத் தொடங்கிய வேம்புலி, நாளடைவில் அவர் எடுத்துக்கொள்ளும் வழக்குகளுக்காகவும் ஓட ஆரம்பித்திருந்தான். வழக்கு என்றாலே துள்ளுகிறவன் இன்றைக்குத் துள்ளவில்லை. நோட்டுகள் காணாமல் போனது அவன் மகள் ஷர்மிளா படிக்கிற ஏழாம் வகுப்பில்.

சாமந்திமேட்டின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஊர் பஞ்சாயத்து போர்டு 1954இல் அச்சிட்ட துணை விதிகள் புத்தகம் ஒன்று கிடைத்தது. சந்தைக்குள் வண்டி மாட்டை அவிழ்க்கக் கூடாது, ஏரித் தண்ணீரில் தோல் ஊறவைக்கக் கூடாது என்று மொத்தம் முப்பத்தொரு விதிகள். ஆளுக்கொன்றாகப் பிள்ளைகள் வியாழக்கிழமை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். திங்கட்கிழமை கண்காட்சி. இன்று வெள்ளி காலையில் அலமாரியைத் திறந்தால் நோட்டுகள் இல்லை.

"பூட்டு?"

"உடையலை மேடம். ஒரு சாவி என்கிட்ட. இன்னொண்ணு ஆபீஸ்ல."

"புத்தகம்?"

"அது பத்திரமா இருக்கு. அதுதான் புரியலை."

ஞானம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "வண்டியை எடு, வேம்புலி."

பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்துக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஏழாம் வகுப்பு அறைக்குள் நுழைந்ததும் வேம்புலி நின்று சுற்றிப் பார்த்தான். கதவு பாதியில் தரையை உராய்ந்து நின்றது. வடகிழக்கு மூலையிலிருந்து சுவரில் ஒரு விரிசல் கிளம்பி ஜன்னல்வரை போயிருந்தது. ஒரு பிள்ளையின் பென்சில் கீழே விழுந்து, யாரும் தொடாமலே அந்த மூலையை நோக்கி உருண்டது. வாசல் நிலைக்கு மேலே ஏதோ பலகையைக் கழற்றிய இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் இருந்தன.

"இது முன்னாடி யாரோட ரூமு?" என்று ஞானம்மாள் கேட்டார்.

"தாளாளர் சாரோடது. போன மாசம் பழைய கட்டடத்துக்கே போயிட்டார். பிள்ளைங்களுக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்னு இதை எங்களுக்குக் கொடுத்துட்டார்," என்றாள் டீச்சர்.

புத்தகம் வந்தது. ஞானம்மாள் ஷர்மிளாவை அழைத்து வாசிக்கச் சொன்னார்.

"விதி பதினாறு. சந்தையில் வி... வி... விலை..." பெண் திணறினாள். "எழுத்தெல்லாம் தும்பிக்கை வெச்சுகினு கீது, நைனா! நேத்தும் இப்டித்தான்."

"பரவாயில்லை, மெதுவா," என்றார் ஞானம்மாள்.

"விதி பதினேழு. ஊரின் வடகிழக்கு எல்லையில் காலை வேளையில் ஆடு மாடுகளை அவிழ்த்துவிடலாகாது." கடகடவென்று வாசித்துவிட்டு அவள் பதினெட்டாவது விதிக்குப் போனாள். முதல் வரியிலேயே மறுபடி சிக்கினாள்.

ஞானம்மாள் புத்தகத்தை வாங்கி, கடைசி அட்டை ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு வெற்றுத்தாள் கிழிக்கப்பட்டிருந்தது. அவர் முகம் மாறியதை வேம்புலி கவனித்தான்.

"டீச்சர், பிள்ளைங்களை உடனே மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. கட்டடம் முழுக்க காலியாகணும். பதினேழாவது விதியை எழுதினது யாரு?"

"ரெனிஷ். காய்ச்சல்னு இன்னிக்கு வரலை."

பிள்ளைகள் வரிசையாக வெளியேறினார்கள். வேம்புலி ஞானம்மாளின் காதோரம் குனிந்தான். "யம்மா, ஆபீஸ் சாவி கிளார்க் இக்னேஷியஸ் கைலதான் கீது. புக்கு கூட அவரு ஊட்லேந்து வந்ததுதானாம். ஆளு அவருதான்."

"அவர் மறைக்க நினைச்சிருந்தா புத்தகத்தைக் கொடுத்தே இருக்க மாட்டாரே, வேம்புலி. யார் கேட்டா அந்தச் சாவியை அவரால மறுக்க முடியாதுன்னு யோசி."

மைதானத்து வேப்பமர நிழலில் ஞானம்மாள், வேம்புலி, டீச்சர், இக்னேஷியஸ் நால்வரும் கூடியபோது தாளாளர் கிருபாகரன் கோபமாகவே வந்தார். "யாரைக் கேட்டு வகுப்பைக் கலைச்சீங்க? சின்ன நோட்டுத் திருட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?"

"முப்பத்தொரு நோட்டு போனது ஒரே ஒரு நோட்டை மறைக்கத்தான்," என்றார் ஞானம்மாள். குரல் உயரவில்லை. "எது யாரோடதுன்னு தேட நேரமில்லை, மொத்தமா அள்ளியாச்சு. அப்புறம் புத்தகத்துல ஒரு தாளை மாத்தியாச்சு. அதே புத்தகத்தோட வெற்றுத்தாள்ல அச்சடிச்சதால காகிதம் சரியா பொருந்துது. எழுத்துதான் பொருந்தலை."

"என்ன எழுத்து?"

"ஐம்பத்துநாலுல லை, ளை, னை எல்லாம் கொம்பு சுழிச்ச பழைய வடிவத்துலதான் அச்சாகும். இப்ப நாம எழுதுற வடிவத்தை அரசாங்கம் கொண்டுவந்தது எழுபத்தெட்டுல. புத்தகம் முழுக்கத் திணறின பொண்ணு, எல்லை, காலை, வேளைன்னு ஒரு பக்கத்தை மட்டும் தங்கு தடையில்லாம வாசிச்சா. அது கம்ப்யூட்டர்ல அடிச்ச பக்கம்."

இக்னேஷியஸ் குறுக்கிட்டுச் சொன்னார்: "நேத்து சாயங்காலம் புத்தகத்தையும் சாவியையும் சார்தான் கேட்டு வாங்கினார்."

"பார்க்கத்தான் வாங்கினேன்," என்றார் கிருபாகரன். "அந்தப் பக்கத்துல வேற என்ன இருந்ததுன்னு உங்களால சொல்ல முடியுமா? நோட்டும் இல்லையே?"

ஞானம்மாள் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ரெனிஷ் வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். விதியை மறந்துவிட்டாயா என்று கேட்டதற்குப் பையன் இருமிக்கொண்டே சொன்னான்: "இல்லை மிஸ். நேத்தே மனப்பாடம் பண்ணிட்டேன். கண்காட்சிக்கு சார்ட்ல எழுதினுதான் கீறேன். படிக்கட்டா? 'ஊரின் வடகிழக்கு மேட்டில் ஐவர் விழுந்து மாண்ட பெருங்கிணறு கல் பாவி மூடப்பட்டிருப்பதால், அதைச் சுற்றி முப்பது கஜத்துக்குள் எவரும் கட்டடம் எழுப்பலாகாது.' கிணறு படமும் வரைஞ்சேன் மிஸ்."

வேம்புலி புதுக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தான். ஷர்மிளாவின் பெஞ்சு அந்த வடகிழக்கு மூலையில்தான் இருந்தது.

"அஸ்திவாரம் தோண்டினப்போ கல் தட்டுச்சு," என்றார் கிருபாகரன் கடைசியில். "பாறைன்னுதான் நினைச்சேன். சத்தியமா கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் நம்பினேன்."

"நம்பினவர் உங்க நாற்காலியை ஏன் வேற கட்டடத்துக்கு மாத்தினீங்க?" என்றார் ஞானம்மாள். "விரிசல் விட்ட ரூமைப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டு?"

வேம்புலி ஓரடி முன்னால் வைத்தான். ஞானம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். நான் அப்பவே கூப்பிட்டுட்டேன், போலீஸ் வந்துட்டிருக்கு."

மறுநாள் பகலில் நகராட்சிப் பொறியாளர்கள் அந்த மூலையில் துளை போட்டார்கள். கயிறு கட்டிய வேலிக்கு வெளியே பெற்றோர் கூட்டம் நின்றது. இரண்டடி வரைக்கும் இயந்திரம் உறுமியது. பிறகு ஏதோ உடைந்து, துளை போடும் கம்பி கையை விட்டு வழுக்கி உள்ளே போய்விட்டது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வேம்புலி மனதுக்குள் மூன்றுவரை எண்ணினான்.

அடியாழத்தில் தண்ணீர் சளக்கென்றது.

ஷர்மிளா அப்பாவின் கையைப் பிடித்தாள். "இன்னா நைனா சத்தம் அது?"

வேம்புலி குனிந்தான். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான், பன்னிரண்டு வயதுப் பெண்ணை, அத்தனை பேர் பார்க்க.