மீனுவோடு காய்

பால்வாடி டீச்சர் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துக்கொண்டே வந்து, மீனுவைத் தாண்டி அடுத்த பிள்ளைக்கு நீட்டியதை வாசலில் நின்ற சரசா பார்த்தாள்.

"டீச்சர், என் பிள்ளைக்கு?"

"மீனு இன்னிக்கு வந்தாளா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு அறையைத் துழாவினாள் டீச்சர். மீனு அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

சகதியில் நடக்கையில் மீனு சொன்னாள், "எல்லாரும் என்கூட கட்டி."

இங்கத்திப் பிள்ளைகளின் கட்டி, நம்மூர்க் காய்தான். சுண்டு விரலைக் காட்டினால் பேச்சு அறுந்தது. ரெண்டு விரல் நீட்டிப் பழம் விட்டால்தான் மறுபடி சேர்த்தி. மூணு வாரமாக இதே புகார். டீச்சரிடம் கேட்கப் போனால், "பிள்ளைங்க சண்டை, தானா சரியாயிரும்" என்று சிரிக்கிறார்கள்.

ஷேர் ஆட்டோவில் ஏறிய ஒருத்தி மீனுவின் மடிமேலேயே உட்காரப் போனாள்.

"கண்ணு தெரியலியா?" என்று சரசா கத்தினாள். ஏறியவள் மீனுவை வெறும் சீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

புருஷன் கேஷவுக்குச் சாகண் ஊரிலிருக்கும் கம்பெனியில் நைட் ஷிப்டு. தகரக் கூரையில் மழை அறைந்தது, மண்ணெண்ணெய் அடுப்பு புகைந்து கண்ணைக் கரித்தது, பகலெல்லாம் வேலையில் நின்றே வயர் சுற்றியதில் சரசாவின் கால்கள் விண்விண்ணென்று தெறித்தன; அத்தனைக்கும் நடுவே மீனு சேலையைப் பிடித்து இழுத்து, விடாமல் அழுதாள்.

"அங்க போவ மாட்டேம்மா. யாருக்கும் நான் தெரியல."

"நான் வேலைக்குப் போவாண்டாமா? வாய மூடு."

அழுகை கூடியது. சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது.

"போடி. நானும் உன்கூட காய்." சுண்டு விரலை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

அழுகை நின்றது.

அப்பாடா என்றிருந்தது. சோற்றை வடித்துவிட்டுத் திரும்பினாள்.

யாரும் இல்லை.

கதவில் மேல் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். தண்ணீர் டிரம்மில் பார்த்தாள். சின்னச் செருப்பு வாசலோரம் ஈரமாகக் கிடந்தது.

"மீனு."

மழை.

"அம்மா சும்மா சொன்னேண்டி."

ரெண்டு விரலை வெற்றிடத்தில் நீட்டினாள்.

"பழம். பழம்டி கண்ணு."

இடுப்பு உயரத்தில் மூச்சுக்காற்று பட்டது. பிஞ்சுக் கை ஒன்று அந்த ரெண்டு விரல்களையும் பிடித்தது. சில்லென்று இருந்தது. பிடித்து, ஒவ்வொன்றாக மடக்கியது.

பிறகு அவளுடைய சுண்டு விரலை மட்டும் நிமிர்த்தி வைத்தது.