எல்லை சுற்றும் செருப்பு

அந்தச் செருப்பு சூடாக இருந்தது. வெயிலே விழாத மரத்தடியில் கிடந்த தோல், இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல் உள்ளங்காலில் கதகதத்தது. சபாபதி அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துரை என்று நினைப்பு. துரைமார் மலை ஏறினார்கள், அதனால் இவரும் ஏறினார். சீமையிலிருந்து தருவித்த தோள்பை, தொப்பி, திசைகாட்டி, ஆணி அடித்த புது பூட்ஸ். வெறுங்காலோடு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் சனங்களைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். பை சுமக்க மட்டும் அம்பாங் தோட்டத்துப் பக்கிரிசாமி வேண்டும்.

ஆறு மைலுக்குள் அந்த பூட்ஸ் இரண்டு குதிகாலையும் தின்றுவிட்டது. காட்டோரத்து மரத்தடியில், தோட்டத்துக்காரர்கள் முனியாண்டிக்கு நேர்ந்து வைத்த பெரிய செருப்பு கிடந்தது. பூட்ஸைக் கழற்றி அங்கே வைத்துவிட்டு, அதில் காலை நுழைத்தார்.

“வேண்டாங்க கிராணி ஐயா. எல்லையைச் சுத்தி வர்ற காலுக்குப் போட்டது அது. அடி தேஞ்சிருக்கு பாருங்க.”

“எலி கடிச்சிருக்கும். உங்க சாமியை என் பூட்ஸைப் போட்டுக்கச் சொல்லு. சீமைச் சரக்கு!”

பக்கிரிசாமி பையை இறக்கி வைத்தார். “அப்படின்னா நான் கூட வரலைங்க. லயத்து வீடுகளுக்குப் போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்.”

“போடா காட்டான்!”

பையைத் தானே மாட்டிக்கொண்டு கிளம்பினார். ராத்திரி எட்டு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

நடை என்னவோ சுகமாகத்தான் இருந்தது. வலி போன இடம் தெரியவில்லை. அழுகிய இலையும் ஈரமண்ணும் மணக்கும் அந்த ஒற்றையடிப் பாதையில், சிள்வண்டுகளின் இரைச்சலுக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் கூடவே வந்துகொண்டிருப்பதை அவர் வெகுநேரம் கவனிக்கவே இல்லை. கிறீச். கிறீச். காலையெல்லாம் அவர் பூட்ஸிலிருந்து வந்த சத்தம்.

திரும்பினார். யாருமில்லை.

“பக்கிரி! விளையாடாதே!”

சிள்வண்டுகள் நின்றன. கிறீச் நிற்கவில்லை.

சற்று நேரத்தில் அதே மரம் வந்தது. கற்பூரக் கரி, காய்ந்த எலுமிச்சம்பழம். அடியில் பூட்ஸைக் காணோம். திசைகாட்டியைப் பார்த்தார், மேற்கேதான் நடந்திருந்தார். மறுபடி மேற்கே நடந்தார். மறுபடி அதே மரம். பொழுது சாய்ந்தது. பையைக் கழற்றி எறிந்தார், தொப்பியையும். நிற்க நினைத்தார்.

கால் நிற்கவில்லை.

மரத்தைக் கட்டிப்பிடித்தார். கை சிராய்த்தது. கால் இழுத்துக்கொண்டு போனது. நடந்தபடியே குனிந்து வாரைத் தேடினார். வார் இல்லை. விரலில் பட்டது அவருடைய சதைதான்.

தூரத்தில் தீப்பந்தம். பக்கிரிசாமியும் நாலைந்து பேரும்.

“டேய் பக்கிரி! பிடிடா! அண்ணே... பக்கிரி அண்ணே, என்னைப் பிடிங்கண்ணே!”

செருப்புச் சத்தம் கேட்டதும் பக்கிரிசாமி நின்றார். “காவல்காரர் சுத்தி வர்றாரு. யாரும் நிமிர்ந்து பாக்காதீங்க.”

எல்லாரும் கைகூப்பித் தலைகுனிந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் சபாபதி அழுதுகொண்டே அவர்களைக் கடந்தார். ஒருவரும் நிமிரவில்லை. கால்கள் இழுத்த இழுப்பில் கழுத்தை மட்டும் திருப்பினார்.

மரத்தடியில் ஓர் உருவம் நின்றிருந்தது. தோளில் சீமைப் பை. கண்வரை தொப்பி. காலில் பூட்ஸ்.

“இங்கதான் இருக்கீங்களா ஐயா? பையைக் கொடுங்க. ரயிலுக்கு நேரமாச்சு” என்றார் பக்கிரிசாமி.

அது பையைக் கொடுத்தது. கிறீச், கிறீச் என்று வெளிச்சத்தோடு சரிவில் இறங்கியது. ஒரே ஒரு தடவை நின்று, தொப்பியை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தது. சபாபதியின் முகம். அவர் காலைப் பார்த்து அந்த முகம் சுளித்தது.