ஒதுக்கிய பாட்டில்

எழுபத்து நான்காம் ஆண்டு ஐப்பசி மழையில் நனைந்தபடியே டாக்டர் சண்முகவடிவு கோபாலபுரத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய பங்களா. பின்கட்டில் இருந்த ரத்த அறையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈரச் சுண்ணாம்பு நாற்றம் வேறு.

குளிர்ப்பெட்டி முழுக்கக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் ஒரு சீட்டு, தலைமை சர்ஜன் சுப்பராமனின் இன்ன நோயாளிக்கு ஒதுக்கியது என்று. சீட்டு கட்டியதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாதாம். கெட்டுப்போனால் தொட்டியில் கொட்டிவிடுவார்களாம். ரிக்‌ஷா இழுப்பவன் காசுக்காக விற்ற ரத்தம் சாக்கடைக்குப் போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆயா முனியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். ஆற்றோரக் குடிசையிலிருந்து பிரசவத்துக்கு வந்த தேவானை, ரத்தம் நிற்காமல் இங்கேதான் செத்தாளாம். அன்றைக்கும் பெட்டி நிறைய பாட்டில் இருந்ததாம், எல்லாம் சுப்பராமன் சீட்டுக் கட்டியவையாம்.

"அதுலேர்ந்து சீட்டு தானா அவுந்துக்கினு கீதும்மா."

"அவுந்தா நல்லதுதானே, ஆயா."

மறுநாள் மத்தியானம், பிள்ளை பெற்ற சீதாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. அவள் வகை ரத்தம் இருந்த பாட்டில்கள் எல்லாவற்றிலும் சுப்பராமனின் சீட்டு. அவர் வாசலை மறித்து நின்றார்.

"நாளைக்கு என் ஹெர்னியா கேஸுக்கு வேணும்னா நான் எங்க போறது? தொட்டா உங்க வேலை போயிடும்."

"போகட்டும் சார். ஹெர்னியாவுக்கு மூணு பாட்டிலைக் கட்டி வெச்சுட்டு, அப்புறம் கொட்டத்தானே போறீங்க?"

அவரை விலக்கிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே நூல் உருவும் சத்தம்.

யாரும் தொடாத ஒரு பாட்டில் முன்னால் நகர்ந்து வந்தது.

சீட்டு அவள் காலடியில் விழுந்தது.

 அவள் அந்தப் பாட்டிலையே எடுத்தாள். பொருத்தம் பார்த்து ஏற்றினாள். சாயங்காலம் சீதா கண் திறந்து குழந்தையைக் கேட்டாள்.

சுப்பராமன் விடவில்லை. எல்லா பாட்டிலுக்கும் தன் கையாலேயே புதுச் சீட்டு கட்டி, பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். நாளை முதல் வர வேண்டாம் என்றும் அவளிடம் சொன்னார்.

அவள் காலையில் வழக்கம்போல வந்து பெட்டியின் முன் நின்றாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. அவரைத் திறக்கச் சொன்னாள். ஒரு பாட்டிலிலும் சீட்டு இல்லை.

சுப்பராமன் சட்டைக் கையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டிருந்தார். அதில் சுற்றிய நூல் கத்தரி வைத்தும் அறவில்லையாம்.

அவர் மணிக்கட்டில் ஈரமாக ஒரு சீட்டு. அவர் கையெழுத்தேதான்.

'தேவானைக்கு ஒதுக்கியது.'