இரண்டு உறுமல்

சரிவுக்குக் கீழே மரம் அறுக்கும் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அப்துல் அலீமுக்கு மனதில் இடித்தது. இரண்டு மணிக்கு அவர் கையாலேயே டேங்கை நிரப்பிக் கொடுத்தார். முழு டேங்க் முக்கால் மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். இப்போது மணி மூன்றே கால். பெட்ரோல் கேன் அவர் காலடியில்தான் இருந்தது.

சும்மா ஓடவிட்டுவிட்டு பீடி பிடிக்கிறானோ என்னவோ என்று கீழே மரம் அறுக்கும் சென்றாயனை மனதுக்குள் திட்டிக்கொண்டார். பேளுக்குறிச்சியிலிருந்து இந்த மலைக்கு மரம் வெட்ட வந்துபோகும் பதினெட்டு வருஷத்தில் சென்றாயன் ஒருநாளும் பெட்ரோலை வீணாக்கியதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். மிஷின் சத்தத்தில் அலீமின் காது தப்பாது. ஃபில்டர் அடைத்திருக்கிறதா, செயின் மழுங்கிவிட்டதா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். மிஷின் இருமினால் கேட்கிற காதுக்கு நான் கூப்பிட்டால் மட்டும் கேட்காது என்று அவர் மனைவி தாஹிரா பீவி சொல்லிக்காட்டுவது சும்மா இல்லை.

மலைமேல் அரியூர் நாட்டில் மதியத்திலேயே மூடுபனி இறங்கியிருந்தது. காலையில் வெட்டிச் சாய்த்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறியிருந்த மிளகுக்கொடிகள், கீழே போகும் தடம் எல்லாம் பத்தடிக்கு அப்பால் வெள்ளையாகக் கரைந்துபோய், மரத்தை இழுத்து ஏற்றும் லாரியின் வின்ச்சிலிருந்து இறங்கும் கம்பிக்கயிறு மட்டும் ஈரத்தில் மினுங்கியபடி அந்த வெள்ளைக்குள் போய் மறைந்தது. பச்சை மரவாடையும் டீசல் வாடையும் மூக்கில் ஏறின. மிஷின் கக்கும் எண்ணெய்ப் புகையின் வாடை மட்டும் கீழேயிருந்து வரவே இல்லை.

பனி நாளில் அவர்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. லாரி இன்ஜின் ஓடும்போது மனிதக் குரல் மேலே எட்டாது. மிஷின் சத்தம் எட்டும். கீழே சென்றாயன் மரத்துண்டில் சங்கிலி மாட்டி, ஒதுங்கி நின்று, மிஷினை எடுத்து இரண்டு தடவை உறுமவிட்டால் அலீம் இழுக்க வேண்டும். நீளமாக ஒரு உறுமல் என்றால் நிறுத்த வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே முந்நூறு மரம் இப்படி ஏற்றியிருக்கிறார்கள்.

கீழே மிஷின் உறுமியது. ஒன்று. இரண்டு.

அலீம் லிவரைத் தள்ளினார். கயிறு விறைத்தது. அது ஓர் ஆள் நீளத்துக்கு மேலே வந்ததும் எங்கோ கீச்சென்று ஒரு சத்தம். மெல்லிய, நீளமான சத்தம். லாரி இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே பாதிதான் கேட்டது. லிவரை விட்டார்.

"கப்பி காஞ்சு கெடக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டப்பாவிலிருந்து கிரீஸை விரலால் வழித்து, கயிறு ஓடும் கப்பியின் அச்சில் நன்றாக அப்பினார். நேற்றுத்தானே போட்டோம் என்று ஒரு நினைப்பு வந்தது. துணியில் கையைத் துடைப்பதற்குள் மறுபடியும் இரண்டு உறுமல்.

இழுத்தார். கீச்சொலி வந்தது, முன்பைவிடக் குறைவாக, பிறகு இல்லாமலே போய்விட்டது. கிரீஸ் வேலை செய்திருக்கிறது என்று அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. கயிறு எதிலோ சிக்கி நின்றது.

உடனே மறுபடியும் இரண்டு உறுமல். மூச்சுவிட இடமில்லாமல் மறுபடியும் இரண்டு. சென்றாயன் அவசரக்காரன் இல்லை.

லாரியை அணைத்தார்.

"சென்றாயா!"

லாரி நின்றால் அவன் வாயால் பதில் சொல்லுவான். எப்போதும் சொல்லுவான். இப்போது பதில் சொன்னது மிஷின். இரண்டு உறுமல். கொஞ்சம் கிட்டத்தில்.

அலீம் பெட்ரோல் கேனைக்கூட எடுக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஈரச் சருகில் செருப்பு வழுக்கியது. காலையில் சென்றாயன் மனைவி கலைச்செல்வி, மழை வருமுன்னே அவரை அனுப்பிருங்க பாய் என்று சொல்லியனுப்பியது காதில் ஓடியது. மிஷின் சத்தம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அவர் நின்றால் அதுவும் நின்ற இடத்தில் முனகியது. நடந்தால் நகர்ந்தது. அலீம் பயந்துபோனார். வாய் தானாக யா அல்லாஹ் என்றது.

பிறகு சத்தம் நின்றது.

காலில் ஏதோ இடறியது. மிஷின். குனிந்து இன்ஜின்மேல் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. மூடி திறந்து கிடந்தது. டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. மூடிக்குள் பனித்துளி நிறைந்திருந்தது.

"பாய்."

இரண்டடி தள்ளி. மரத்துண்டுக்கும் வெட்டிய அடிமரத்துக்கும் நடுவே சென்றாயன். இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. சங்கிலி மரத்துண்டைச் சுற்றி, அவன் வலது கையையும் சேர்த்துச் சுற்றி இறுகியிருந்தது.

"ஏனுங்க பாய்... இழுக்காதீங்கன்னு எத்தன தடவ கத்துனேன்."

"நீதான கண்ணு ரெண்டு தடவ உறும விட்டே?"

"மிஷினு நின்னு அர மணி நேரமாச்சுங்க. அருவாள்ல கொப்புக் கழிச்சிட்டு... சங்கிலி மாட்டிட்டு இருந்தனுங்க. பெட்ரோலுக்கு மேல வரலாம்னு."

அலீமின் விரல் நகங்களுக்குள் இன்னும் கிரீஸ் இருந்தது. அது கப்பிச் சத்தம் இல்லை. முதல் இழுப்பில் இவன் கத்தியிருக்கிறான். இரண்டாவதில் கத்த மூச்சு இல்லாமல் போயிருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது.

சங்கிலியைக் கயிற்றோடு பிணைத்திருந்த கொக்கியைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. கயிறு இரும்புக் கம்பியாக விறைத்து நின்றது. மேலே போய் வின்ச்சைத் தளர்த்தினால்தான் கழலும்.

"பொறு சாமி. மேல போயி கயித்தத் தளத்திட்டு ஓடி வாரேன். உன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவேன்."

சென்றாயன் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்தான். வலுவே இல்லாத பிடி. அவன் கண் அலீமைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், மேலே பார்த்தது.

"பாய். லாரிகிட்ட யாருங்க இருக்குறது?"

"யாருமில்ல கண்ணு."

மேலே லாரி இன்ஜின் பிடித்தது.

அலீம் கத்தினார். நிறுத்து என்று கத்தினார். இழுக்காதே என்று கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். லாரி இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

காலடியில் மிஷின் உறுமியது. டேங்க் காலி. இன்ஜின் ஜில்லென்று. ஆனாலும் உறுமியது. ஒன்று.

இரண்டு.

கயிறு நகர்ந்தது. அலீம் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைச் சருகில் ஊன்றி, முழு பலத்தோடு கீழ்ப்பக்கம் இழுத்தார். கம்பி அவர் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு, நிதானமாக, அவசரமே இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. சென்றாயன் வாய் திறந்திருந்தது.