வேட்டன் பிடித்த வடம்

வாருங்கள் கண்மணிகளே, இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள். பொறாமையில் வெந்து தவித்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

முகில்வரை என்னும் மலையூரின் உச்சியில், மேகங்கள் மதிலை உரசிச் செல்ல நின்றது அரசர் கோட்டை. அந்தி மயங்கி நிலவு எழுந்த வேளையில், அடிவாரமெங்கும் பகைவர் பாசறைத் தீ முள்முருங்கைப் பூவாய்ச் சிவந்தது. கோட்டைக்குள் தானியம் மூன்று நாளைக்குத்தான். தேனெடுப்போரின் கொடிவடத்தைப் பற்றி வடக்குச் செங்குத்துப் பாறையில் இறங்கி, நட்பரசரிடம் ஓலை கொண்டு செல்லத் தளபதி இளவெயினன் முன்வந்தான்.

இளவரசி பூழிச்செல்வி தன் முத்திரை மோதிரத்தை அவன் விரலில் அணிவித்தாள். அதைக் கண்ட தேன்குடித் தலைவன் மகள் காந்தளின் நெஞ்சு பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! தன்னை விரும்பிய இளவெயினன் பத்து நாளாக மாலைதோறும் இளவரசியின் மாடத்துக்குப் போய்வருவதை எண்ணியெண்ணி அவள் சோறு மறந்திருந்தாள்.

அன்பர்களே, தேன்குடியில் ஒரு வழக்கம் உண்டு. பாறையில் இறங்குபவனின் வடத்தை அவன் மனைவியின் உடன்பிறந்தானே பிடிப்பான். தங்கையை விதவையாக்க எந்த அண்ணன் பிடி தளர்த்துவான்? அன்று காலையில்தான் காந்தள், இனி அவன் தனக்கு வேண்டாமென்ற கோபத்தில், இளவெயினனின் வடத்தைத் தொடுவதில்லையென்று அண்ணன் வேட்டனிடம் குலதெய்வத்தின்மேல் சத்தியம் வாங்கியிருந்தாள்.

இளவரசியின் தமையன் வடத்தை நோக்கி நடந்தபோது காந்தளுக்குக் கண் இருண்டது. இளவெயினனோ கைகூப்பினான்.

“பொறுத்தருள்க, இளவரசே. என் வடத்தை வேட்டன் பிடிக்கட்டும்.”

அத்தனை பேர் முன்னிலையில் அவளை மனைவியென்று சொல்லிவிட்டான். வேட்டன் அசையவில்லை.

“நீதானே காலையில சத்தியம் வாங்கினே?” என்று தங்கையிடம் முணுமுணுத்தான்.

பூழிச்செல்வி நகைத்தாள். நட்பரசருக்குத் தூது அனுப்பும் வழி தேடியே தளபதி தன்னிடம் வந்தாரென்று சொல்லி, “பெண்ணே, அம்மோதிரம் சேருமிடத்தில்தான் என் மனமும் இருக்கிறது. கண்ணாலேயே என்னை எரித்துவிடாதே” என்றாள்.

காந்தள் அண்ணனின் கையைப் பற்றி வடத்தின்மேல் வைத்தாள்.

“தெய்வத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் அண்ணா. உன் தங்கை தாலி கட்டிக்கிறதுக்கு முன்னாலேயே அதை அறுக்க வேண்டாம்னா, பிடி.”

வேட்டன் பாறையில் காலூன்றிப் பிடித்தான். இளவெயினன் இறங்குமுன் காந்தள் அவன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, நூலில் கோத்து, அவன் கழுத்தில் கட்டிவிட்டாள். பொறாமை அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா என்ன?

மூன்றாம் நாள் விடியலில் நட்பரசரின் முரசு மலையடியில் முழங்கிற்று.

உங்கள் வீட்டில் சந்தேகம் ஒரு பொழுதுக்குமேல் தங்காதிருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு, பானை நிறைந்து, நீங்கள் பல்லாண்டு வாழ்ந்திருங்கள்.